முனியப்பன் முன்னால் அணைக்காத வண்டி

ஏனுங்க என்றால் மட்டும் திரும்பிப் பார்க்கும் என் வீட்டுக்காரருக்கு,

நல்லா இருக்கீங்களா என்று கேட்கத்தான் வாய் வருகிறது. போன இடத்தில் உங்களுக்கு என்ன குறை இருக்கப்போகிறது? இருந்த குறையையெல்லாம் என் தலையில் கட்டிவிட்டுத்தானே போனீர்கள். அதனால் நேராக வண்டிக் கதைக்கு வருகிறேன். நீங்களும் முதலில் அதைத்தான் கேட்பீர்கள். என்னையும் நம் மகள் கவிதாவையும் அப்புறம்தான் விசாரிப்பீர்கள்.

வண்டி நன்றாக இருக்கிறது. நான்தான் ஓட்டுகிறேன். காரவள்ளி அடிவாரத்தில் சிமெண்டோ உரமோ ஏற்றினால் மலைப்பாதையின் எழுபது வளைவும் ஏறி மேலே சோளக்காட்டில் போய் இறக்குகிறேன். அங்கிருந்து வளப்பூர் நாட்டுக்குப் போய் அன்னாசியும் பலாவும் ஏற்றிக்கொண்டு கீழே வருகிறேன். முதன்முதலாக வறண்ட ஏரிக்குள் என்னை ஓட்டச் சொன்ன அன்று, மேய்கிற ஆடுகளையெல்லாம் முதலில் ஓட்டிவிடச் சொன்னீர்களே, நினைவிருக்கிறதா? இப்போது பஸ் டிரைவர்கள் வளைவில் எனக்கு வழி விட்டு நிற்கிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டும்.

ஆனால் இடையில் ஒரு பெரிய சிக்கல் வந்தது. வண்டியே கையை விட்டுப் போக இருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த கொஞ்ச நாளிலேயே வண்டியும் சாய்ந்தது. ஏற்றத்தில் இழுவை இல்லை. பாதி வளைவு தாண்டியதும் மில்லில் சங்கு ஊதுகிற மாதிரி ஒரு சத்தம். பின்னால் நீலப் புகை. ஊற்றுகிற எண்ணெய் எங்கே போகிறது என்றே தெரியவில்லை. சேந்தமங்கலத்தில் பட்டறை வைத்திருக்கிற நம் யூசுப் பாயிடம் கொண்டுபோய் விட்டேன். அவர் காற்றுக் குழாயைக் கழற்றி, உள்ளே விரலை விட்டு ஒரு அசை அசைத்துப் பார்த்துவிட்டு, டர்போ போய்விட்டது என்றார். இஞ்சினுக்குள் காற்றை அமுக்கி ஊட்டுகிற சாமான் அது என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இத்தனை வருடம் அதன் மேலே உட்கார்ந்து போயிருக்கிறேன், ஒரு வார்த்தை சொன்னீர்களா?

பாய் புது டர்போ போட்டார். பொருத்துவதற்கு முன் அதன் வாயில் எண்ணெய் ஊற்றி, விரலால் சுற்றிவிட்டு, உள்ளே ஈரம் ஏறியதைப் பார்த்துத்தான் மாட்டினார். வண்டி ஏற்றத்தில் ஓடியது, அடடா, நீங்கள் வாங்கி வந்த அன்று ஓடிய மாதிரி. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அடுத்த அன்னாசிப் பருவம் முடிவதற்குள் அதே சங்கு, அதே நீலப் புகை.

ஊர் வாய் சும்மா இருக்குமா? பொம்பளை ஓட்டினால் அப்படித்தான் என்று சோளக்காட்டுச் சந்தையிலேயே பேசினார்கள். கியர் போடத் தெரியவில்லை, ஏற்றத்தில் போட்டு முறுக்குகிறாள் என்றார்கள். உங்கள் தம்பி குமரேசன் என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ராசிபுரத்தில் ஒருவரிடம் வண்டிக்கு விலை பேசிவிட்டு வந்து நின்றார். "அண்ணி, அண்ணன் போனதோட அண்ணன் வண்டியும் போயிருச்சுன்னு வெச்சுக்கலாமுங்க. வித்துப்போடலாம்" என்றார்.

விற்றால் நான் பட்டினி கிடக்க மாட்டேன். காடு இருக்கிறது, கிணறு இருக்கிறது. ஆனால் மறுபடி சும்மாடு கட்டிக்கொண்டு வரப்பில் நடக்கும்போது, வண்டியைக் கெடுத்தவள் என்கிற பேரும் என்னோடு நடக்குமே, அதை எப்படிப் பொறுப்பேன்? இன்னும் ஒரே ஒரு டர்போ போட்டுப் பார்க்கிறேன், அதுவும் போனால் அந்த ராசிபுரத்து ஆளுக்கே கொடுத்துவிடுங்கள் என்று குமரேசனிடம் வாக்குக் கொடுத்தேன்.

அவரையும் கூட்டிக்கொண்டு நேராகப் போய் யூசுப் பாயிடம் சண்டை போட்டேன். போலிச் சாமானைப் போட்டுவிட்டார் என்றே சொல்லிவிட்டேன். மனிதர் முகம் சுருங்கிப் போனது. என்னையும் குமரேசனையும் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழற்றினார். காற்று வடிகட்டி சுத்தமாக இருந்தது. ரப்பர்க் குழாய்களில் சோப்புத் தண்ணீர் தடவி வண்டியை முடுக்கிப் பார்த்தார், எங்கேயும் குமிழி வரவில்லை. கடைசியில் டர்போவுக்கு எண்ணெய் போகிற மெல்லிய குழாயைக் கழற்றித் தரையில் தட்டினார். கறுப்பாக, கட்டியாக உதிர்ந்தது. வடைச் சட்டியை அடுப்பிலேயே மறந்துவிட்டால் அடியில் பிடிக்குமே, அதே கருகல், அதே நாற்றம்.

"மலையேறுன சூட்டோட இஞ்சினை நிறுத்துனா எண்ணெய் ஓட்டம் நின்னு இப்படிக் கருகும் தங்கச்சி. கொஞ்ச நேரம் சும்மா ஓட விட்டுத்தான் நிறுத்தணும். எங்கயாச்சும் ஏறுன வேகத்துல நிறுத்தறியா?" என்று கேட்டார்.

இல்லவே இல்லை என்றேன். அடிவாரத்தில் எடுத்தால் சோளக்காட்டில்தான் நிறுத்துவேன். அதற்குள் சமதளம் வந்து வண்டி ஆறிவிடும். உங்களோடு எத்தனையோ முறை ஏறி வந்த குமரேசனும் சத்தியம் செய்யாத குறையாக அதையே சொன்னார். பாய் தாடியைச் சொறிந்துகொண்டு, குழாயையும் புதிதாக மாற்றி, மூன்றாவது டர்போவைப் பொருத்தினார். காரணம் தெரியாமல் பொருத்துகிறோமே என்கிற கவலை அவர் முகத்திலேயே இருந்தது.

மறுநாள் சிமெண்ட் ஏற்றிக்கொண்டு ஏறினேன். கடைசி வளைவில் முனியப்பன் கோயில். வழக்கம் போல ஓரம் கட்டி, சாவியைத் திருகி, செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். பூசாரி தட்டோடு வந்தார். கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்போது, அந்த அமைதியில், முன்பக்கத்தில் சூடான இரும்பு டிக் டிக் என்று சுருங்குகிற சத்தம் கேட்டது.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சாமியால் இல்லை, சாவியால்.

யாரும் பொய் சொல்லவில்லை பாருங்கள். முனியப்பன் முன்னால் நிற்பதை இந்த மலையில் எவன் வண்டியை நிறுத்துவதாக நினைக்கிறான்? அது கும்பிடுவது. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி சாவியைத் திருகுகிறோம். சாமி முன்னால் வண்டி உறுமக் கூடாது என்று எனக்குச் சொன்னதே நீங்கள்தானே? அப்படியானால் முதல் டர்போவைக் கொன்றது யார்? என் பக்திமானே, கொஞ்சம் தலையைக் குனிந்துகொள்ளுங்கள்.

கையில் விபூதியோடு ஓடிப்போய் வண்டியை மறுபடி முடுக்கினேன். பூசாரி தட்டைப் பிடித்தபடி திகைத்து நின்றார். சும்மா ஓட விட்டுவிட்டு வந்து விஷயத்தைச் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்தது. சாவியைத் திருகுகிற அந்தப் பழக்கம் உங்கள் கையிலிருந்து என் கைக்கு வந்தது. அதை விடுவது உங்களையே வண்டியிலிருந்து இறக்கிவிடுவது போலிருந்தது எனக்கு. தப்பா இது என்று அவரிடம் கேட்டேனா, சாமியிடம் கேட்டேனா, உங்களிடம் கேட்டேனா, தெரியவில்லை.

பூசாரி இஞ்சின் பக்கம் காதைச் சாய்த்துக் கேட்டார். "மூச்சு வாங்க ஏறி வர்றவனை, வந்ததும் வாயை மூடுன்னு சொல்ல முனியப்பன் என்ன பள்ளிக்கூட வாத்தியாருங்களா? அடங்கட்டும் கண்ணு, அப்புறம் நிறுத்திக்கலாம்" என்றார். ஓடிக்கொண்டிருந்த வண்டிக்கே விபூதி பூசினார்.

அன்றிலிருந்து அப்படித்தான். அடுத்த அன்னாசிப் பருவம் போனது, மிளகுப் பருவமும் போனது. புகை இல்லை, சங்கு இல்லை. யூசுப் பாயிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, முனியப்பனைத் தவிர எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்துவிட்டேன் தங்கச்சி என்றார். இப்போது வேறு வண்டிக்காரர்களும் அவரிடம் கேட்டுக்கொண்டு கடைசி வளைவில் இஞ்சினை ஓட விட்டே கும்பிடுகிறார்கள். போன வாரம் வரிசையாக ஒரு லாரியும் இரண்டு ஜீப்பும் நின்றன.

இதற்கிடையில் ராசிபுரத்துக்காரர் விடவில்லை. பேசின பேச்சு பேச்சுதானே என்று ஒரு நாள் குமரேசனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பாரத்தோடு மலையேறிப் பார்த்துத்தான் எடுப்பேன் என்றார். குமரேசன் என் முகத்தைப் பார்க்காமல் ஓரத்தில் ஏறி உட்கார்ந்தார்.

உர மூட்டைகளோடு ஏறினேன். பாரம் தெரியாமல் ஏறியது. வளைவுக்கு வளைவு அந்த மனிதர் கண்ணாடியில் புகையைத் தேடித் தேடிப் பார்த்தார். கடைசி வளைவில் நிறுத்தி, அணைக்காமல் இறங்கினேன். என்ன இது, சாமி முன்னால் இந்தப் பொம்பளைக்கு மரியாதை தெரியாதா என்று அவர் குமரேசனிடம் கேட்டது என் காதில் விழுந்தது. நான் திரும்பவில்லை. இஞ்சின் சத்தம் சீராக அடங்குகிற வரை நின்று, பிறகு போய்ச் சாவியைத் திருகி, நிதானமாகக் கும்பிட்டேன்.

திரும்பி வந்தபோது அவர் விலையை ஏற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். வண்டி அவ்வளவு பிடித்துவிட்டது. குமரேசன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"இல்லீங்க. தப்பா நெனைக்காதீங்க. இது எங்க அண்ணி வண்டிங்க. குடுக்கறதுக்கில்லீங்க."

கேட்டீர்களா? அண்ணி வண்டி. இத்தனை நாளும் அது அண்ணன் வண்டிதான், அவருக்கும் ஊருக்கும், ஏன், எனக்கும். உங்களுக்கு வருத்தமாக இருக்கிறதா? இருந்தால் இருக்கட்டும். நீங்கள் கேட்டிருந்தால் மீசையை நீவிக்கொண்டு, எப்படி என் பொண்டாட்டி என்று அந்த ராசிபுரத்துக்காரரையே கேட்டிருப்பீர்கள். எனக்குத் தெரியாதா உங்களை? அன்றைக்கு எனக்கு இருந்த கர்வத்துக்கு அளவே இல்லை. அதைப் பாதியாகப் பிரித்துக்கொள்ள நீங்கள் இல்லையே என்பதுதான் குறை.

ஒன்று மட்டும் உங்களுக்கு வாக்காகச் சொல்கிறேன். இந்த வண்டி எவர் வாசலுக்கும் போகாது. இனி ஓட்டம் இல்லை என்று அது சொல்கிற நாள் வரைக்கும் நானே ஓட்டுவேன். சாமி முன்னால் அது ஆறுகிற நேரத்தில், சாமியோடு பேசி முடித்ததும் மிச்ச நேரம் உங்களோடுதான் பேசுவேன். நீங்களும் அவசரப்படாமல் கேட்டுக்கொண்டிருங்கள்.

உங்கள் வீட்டுக்காரி,
மலைக்கு வண்டிக்காரி,
சரசு