சூடு அணையாத இருக்கை

மார்ச் 2, ஞாயிறு

பழைய வண்டி செத்துவிட்டது. மெக்கானிக் அதைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. வாசலிலிருந்தே தலையை ஆட்டினார்.

சாயங்காலம் என் முன்னாள் மனைவி இங்கூன் போன். பிரிந்து ரெண்டு வருஷம் ஆகிறது, குரல் மட்டும் இன்னும் என் சமையலறையிலேயே நிற்கிறது. "ஈஸ்டருக்கு சுன்னிவா உன்கூட மலை வீட்டுக்கு வரேங்கறா. எதுல கூட்டிட்டுப் போவே? போன வருஷம் பாதி மலையில நின்னு, இழுவை வண்டியில வந்து இறங்கினா என் பொண்ணு. நாங்க ஸ்பெயின் தீவுக்குப் போறோம். ஏப்ரல் ஒண்ணாந்தேதி வரைக்கும் டைம் தரேன். ஒழுங்கான வண்டி, ஸ்கீ, ரெண்டும் இருக்கணும். இல்லேன்னா அவளுக்கும் டிக்கெட் போட்டுடுவேன்."

பத்து வயதுப் பெண் ஈஸ்டருக்குப் பனியை விட்டுவிட்டு நீச்சல் குளத்தில் மிதப்பதா? நார்வேக்காரனுக்கு இதைவிட என்ன அவமானம் வேண்டும்? ஆனால் அதுவல்ல விஷயம். வருஷத்தில் எனக்கென்று அவள் முழுசாகக் கிடைப்பது அந்த ஒரு வாரம்தான். அதுவும் போனால் நான் வார இறுதி அப்பா மட்டும்தான்.

மார்ச் 5

என்னிடம் இருக்கும் பணத்துக்கு வரும் வண்டிகளின் விளம்பரங்களைப் படித்தேன். 'சிறிது துரு' என்றால் உட்கார்ந்தபடியே காலடி ஓட்டை வழியாகச் சாலையைப் பார்க்கலாம். 'சிறிது அன்பு தேவை' என்றால் எஞ்சின் இல்லை.

மார்ச் 8, சனி

டொக்கா என்ற ஊரில் போர்கில்ட் என்ற கிழவியிடம் சிவப்பு வேகன் கார் ஒன்று. வண்டியைப் பார்க்கத்தான் போனேன். அவர் என்னைப் பார்த்தார்.

"உறைநிலை, புதுப் பனி. ஸ்கீக்கு அடியில என்ன மெழுகு போடுவே?"

"அது... சொல்றது கஷ்டம். போட்டுப் பாத்துத்தான்..."

"உண்மை பேசறே. உள்ள வா."

வண்டியோடு ஸ்கீயும் இலவசமாம், செத்துப்போன அவர் கணவருடையது. ஆனால் எடை பொருந்தினால்தான் தருவாராம். கூடத்தில் ஸ்கீ மேல் நிற்க வைத்து, என் பாதத்துக்கு நேர் கீழே, ஸ்கீயின் வளைவுக்கும் தரைக்கும் நடுவே செய்தித்தாளை நுழைத்து இழுத்தார். நகரவில்லை. முட்டி போட்டு இழுத்தார். தாள் கிழிந்தது.

"தம்பி, நீ கனம். என் வீட்டுக்காரர் நிக்கும்போது பேப்பர் முழுசா வரும், அதுக்கப்புறம் அவர் அதைப் படிப்பார்."

விவாகரத்துக்குப் பிறகு கொஞ்சம் ஏறிவிட்டேன் என்றேன். அதற்கு அவர் எனக்கு ஒரு வாஃபிள் சுட்டுத் தந்தார். என்ன நியாயம் இது!

வண்டிக்கு ரெண்டே குறைகள். பின்கதவு மூடினால் நிற்காது, ஸ்கீக் கம்பு ஒன்றைக் குறுக்கே செருகித்தான் மூட வேண்டும். குளிருக்காக மின்சாரத்தில் சூடாகும் ஓட்டுநர் இருக்கையின் சூடு அணையாது.

"எப்பவுமேவா?"

"எஞ்சின் ஓடினாலும் ஓடலைன்னாலும். ராத்திரி பேட்டரிக் கம்பியைக் கழட்டி வெச்சுடு. அவர் போனதுக்கப்புறம் சில நாள் சும்மா போய் அதுல உக்காந்திருப்பேன்."

இதற்குமேல் எப்படிப் பேரம் பேசுவது? வாங்கிவிட்டேன். எடையைக் குறைப்பதாக வாக்கு வாங்கிக்கொண்டு ஸ்கீயையும் தந்துவிட்டார்.

மார்ச் 9

பிருஷ்டம் வெந்துவிட்டது.

மார்ச் 16

பள்ளிக்கூடத்துப் பழைய ஸ்கீச் சந்தை. சுன்னிவாவுக்கு ஜோடி கிடைத்தது. காலணியில் யாரோ ஒரு பையன் 'ஓலெ' என்று தன் பெயரை ஆணியால் கீறியிருக்கிறான். "ஈஸ்டர் வாரம் நான் ஓலெ," என்றாள். வீட்டில் என்னை ஸ்கீ மேல் ஏற்றி அவளும் தாளை இழுத்துப் பார்த்தாள். "அப்பா, ஒரு காலைத் தூக்கேன்." ஏமாற்று வேலை என்றேன். இரவு உணவுக்கு வறட்டு ரொட்டி மட்டும்.

ஏப்ரல் 1

இங்கூன் சோதனைக்கு வந்தாள். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள், எகிறி எழுந்தாள். பின்கதவின் கம்பைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

"சரி. ஆனா இது வழியில ஒரு தடவை நின்னாலும் சுன்னிவா எனக்கு போன் பண்ணுவா. நீ பண்ண மாட்டே, உன்னைத் தெரியும். அடுத்த விமானத்துல அவ எங்ககிட்ட வந்துடணும்."

சுன்னிவா தலையாட்டினாள். அவள் தலையாட்டிய வேகம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 12, சனி. கணவாய்த் தடுப்பருகே, மலைச் சத்திரம்

எழுதக் கை கூசுகிறது. எழுதித்தான் ஆக வேண்டும்.

கணவாயில் புயல். தடுப்பை இறக்கிவிட்டார்கள். பனி அள்ளும் வண்டி முன்னே போக, மற்ற வண்டிகள் வரிசையாகப் பின்னால் போக வேண்டும். காத்திருந்தோம். ஈரப் பனியில் ஸ்கீயின் அடியில் மெழுகு பிடிக்காது, பசைதான் சரி. பசைக் குழாயைச் சூடாக்காமல் பிதுக்க முடியாதே — எல்லோரும் சட்டைக்குள் வைத்துக்கொள்வார்கள். நான் புத்திசாலி. என்னிடம் அணையாத இருக்கை இருக்கிறது. மூடியைத் தளர்த்தி அதன்மேல் வைத்துவிட்டு, கண்ணாடியில் பனி சுரண்ட இறங்கினேன்.

ஹாரன் அடித்தது. வரிசை கிளம்புகிறது. ஓடி வந்து உட்கார்ந்தேன்.

பனி வண்டி ஓட்டும் பெண் ஒவ்வொரு காராகப் பார்த்துக்கொண்டு வந்தாள். "மண்வெட்டி இருக்கா? இறங்கிக் காட்டுங்க."

"இறங்க முடியலைங்க."

"உடம்பு சரியில்லையா?"

"ஒட்டிக்கிட்டேன்."

டார்ச் அடித்துப் பார்த்தாள். பின்கதவையும் பார்த்தாள். "புயல்ல கார்லேர்ந்து எறங்க முடியாத ஆளை நான் மேல கூட்டிட்டுப் போக மாட்டேன். வரிசையை விட்டு விலகுங்க." சிரிக்காமல் சொன்னாள். திரும்பி நடக்கும்போது அவள் தோள் குலுங்கியது.

ஓரமாக நிறுத்தினேன். எஞ்சினை அணைத்தேன். சுன்னிவா போனை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

போச்சு. எல்லாம் போச்சு. அவள் யாரைக் கூப்பிடப் போகிறாள் என்று எனக்குத் தெரியும். அழுகை வந்தது. எழுந்து போய் ஓரமாக அழக்கூட முடியவில்லை.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. சுன்னிவா. அவளுக்குப் பின்னால், அடுத்த வரிசைக்குக் காத்திருந்த பாதிப் பேர். போனில் டார்ச் அடித்துக் கார் காராகத் தட்டிக் கூட்டி வந்திருக்கிறாள்.

"மண்ணெண்ணெய் போடுங்க."

"யோவ், மனுஷன்யா அவரு! குழந்தைக்குத் தடவற எண்ணெய் போதும்."

"முதல்ல இது எந்தப் பசை? உறைநிலைக்கு மேலதா, கீழதா? அது தெரியாம கைவைக்கக் கூடாது."

ஒருவர் முகர்ந்துகூடப் பார்த்தார். நான் அங்கே இருப்பதையே மறந்துவிட்டார்கள். கடைசியில் சுன்னிவாதான் சொன்னாள்: "அப்பா, பேன்ட்டை விட்டுட்டு நீ மட்டும் வா."

வந்தேன். கம்பளி உள்ளாடையோடு சத்திரம்வரை நடந்தேன். கை தட்டினார்கள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

வெயில். கணவாய் இன்னும் மூடியிருக்கிறது. தடுப்பருகே ஆளாளுக்கு வெயில் காயப் பனியில் பள்ளம் தோண்டி, மான்தோல் விரித்து, சாக்லேட்டும் ஆரஞ்சுமாக உட்கார்ந்துவிட்டார்கள். நாங்களும் ஒன்று தோண்டினோம். மூடிய சாலையில் நானும் சுன்னிவாவும் ஸ்கீ போனோம். பசை எல்லாம் இருக்கையில் இருப்பதால் எனக்கு ஏற்றத்தில் பிடிமானமே இல்லை. நான் பின்னோக்கி வழுக்கும்போதெல்லாம் ஓலெயின் காலணி போட்டவள் முதுகில் கைவைத்துத் தள்ளினாள். இவ்வளவு சிரித்து நாளாயிற்று.

திரும்பி வந்து பார்த்தால், நேற்றைய களேபரத்தில் பேட்டரிக் கம்பியைக் கழற்ற மறந்திருக்கிறேன்; ராத்திரி முழுக்க இருக்கை சூடாகி பேட்டரியைக் குடித்துவிட்டது. உயிர் இல்லை.

அந்த நேரம் பார்த்து இங்கூன் போன். சுன்னிவா எடுத்தாள்.

"இல்லம்மா, வண்டி நிக்கல. நாங்கதான் நிறுத்தி வெச்சிருக்கோம். ...ஆமா, மலையிலதான். ...அப்பாவா? நல்லா இருக்கார். நின்னுட்டிருக்கார், உக்கார வேண்டாம்னு சொல்லிருக்கேன்."

ஏப்ரல் 15

கணவாய் திறந்துவிட்டது. எல்லோரும் போய்விட்டார்கள். பனி வண்டிக்காரி தன் பேட்டரியிலிருந்து கம்பி போட்டு உயிர் கொடுத்தாள். "மலை வீட்டுக்குப் போகலாமா?" என்று கேட்டேன். "எதுக்கு? நம்ம பள்ளம் இங்கதானே இருக்கு," என்றாள் சுன்னிவா.

மே 11, ஞாயிறு

வேகனை விற்க விளம்பரம் போட்டு ரெண்டு வாரம். 'சிவப்பு, நல்ல நிலை, சிறிது அன்பு தேவை.' ஒருவரும் கூப்பிடவில்லை. விலையைக் குறைத்தேன். அப்போதும் இல்லை.

இன்று போர்கில்ட் கூப்பிட்டார். "தம்பி, விளம்பரம் பாத்தேன். நீ எழுதினதா?"

"ஆமா. ஏன்?"

படித்துக் காட்டினார்: "'பின்கதவு மூடாது. டிரைவர் சீட்ல அப்பாவோட பேன்ட் ஒட்டியிருக்கு, எடுக்க வராது. விக்கறதுக்கு இல்ல. அடுத்த ஈஸ்டருக்கு நாங்க ரெண்டு பேரும் இதுலதான் போறோம். யாரும் போன் பண்ணாதீங்க.'"

விளம்பரம் போட்ட வார இறுதியில் சுன்னிவா என் போனை வாங்கி ஏதோ விளையாட்டு என்றாள்.

விளம்பரத்தை எடுத்துவிட்டேன். நாளைக்கு நல்ல பேட்டரி ஒன்று பழையதாகக் கிடைக்குமா என்று பார்க்க வேண்டும்.