கிளாப் பலகையின் பின்பக்கம்

டீச்சரம்மா,

மார்க்கர் பேனாவின் மூடியைத் திறந்தால் மூக்கில் சுருக்கென்று ஏறுமே ஒரு வாசனை, போன ஞாயிறு அதுதான் உங்களை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது. நம் சினிமாப் படிப்புக்குப் புதுப் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். வடக்குப்பட்டு சமுதாயக் கூடத்து வாசலில் அவர்களும் ஊர்க்காரர்களுமாகக் கேமராவைச் சுற்றி நின்றார்கள். நான் கிளாப் பலகையைத் துடைத்து, எண் எழுத மூடியைத் திறந்தேன். அப்படியே நின்றுவிட்டேன். "தாத்தா, ரெடியா?" என்று ஒரு பெண் கேட்ட பிறகுதான் கை அசைந்தது.

அன்றைக்கே இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான் வருகிறது. எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பார்க்கிறேன். நான் நினைத்ததையே காகிதம் திருப்பிச் சொல்கிறது. இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் பாக்கி இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது.

நீங்கள் முதன்முதலில் எங்கள் ஊருக்கு வந்தபோது நான் ஒரகடத்தில் ஒரு கம்பெனி வாசலில் காவலாளி. ஞாயிறு லீவு. கூடத்தில் ஃபேன் ஓடியது, டீ கொடுத்தார்கள், அதனால் வந்து உட்கார்ந்தேன். பல்கலைக்கழகத்தில் சினிமாப் படிப்பு தொடங்கப் போவதாகவும், அதில் பாதிப் பாடம் இங்கே எங்களோடு நடக்கும் என்றும் சொன்னீர்கள். மாணவர்கள் எங்களோடு சேர்ந்து எங்கள் கதையைப் படமாக எடுக்க வேண்டும் என்றீர்கள்.

"இன்னா டீச்சரம்மா, எங்க மூஞ்சியெல்லாம் சினிமாவுல வருமா?" என்று கேட்டேன்.

"வரும் ஐயா. மேக்கப் மட்டும் கிடையாது. பரவாயில்லையா?"

கூடமே சிரித்தது. லாரிக்காரர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்குத் தொண்டை பெரிது. அதைப் பார்த்துப் பலகையை என் கையில் கொடுத்தீர்கள். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் காட்சி எண்ணையும் ஷாட் எண்ணையும் அதில் மாற்றி எழுதி, உரக்கப் படித்துவிட்டு, கட்டையைத் தட்ட வேண்டும். "பலகை உங்க பொறுப்பு ஐயா, வீட்டுலயே வச்சிக்குங்க" என்றீர்கள்.

எனக்கு எழுத்தும் தெரியாது, எண்ணும் எழுத வராது என்பதை நான் சொல்லவில்லை. இருபது வருஷம் கேட்டில் நின்றவன் அதை மறைக்கக் கற்றிருந்தேன். வண்டி நம்பரை ரிஜிஸ்டரில் எழுத வேண்டிய நேரத்தில், "கண்ணாடி எடுத்துனு வரல, நீயே எய்திடுப்பா" என்று டிரைவர் கையில் கொடுத்துவிடுவேன். எனக்குக் கண்ணாடியே கிடையாது.

இசக்கிதான் முதல் நாளே கண்டுபிடித்தாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், ஸ்ரீபெரும்புதூர் செல்போன் கம்பெனியில் வேலை, எங்கள் ஊரில் ஹாஸ்டல், லீவு நாளில் கூடத்துக்கு வருவாள். "தாத்தா, நீங்க சத்தம் போடுங்க, எழுதுத வேலைய நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். அவள் எழுதி என் காதில் சொல்வாள், நான் கத்துவேன். உங்களிடம் அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அந்த நாட்களில் இன்னொரு சங்கதியும் நடந்தது. டீக்கடை முருகேசன் எனக்குத் தரும் டீயில் திடீரென்று சர்க்கரையே இல்லாமல் போயிற்று. மற்றவர்களுக்கெல்லாம் இனிக்கிறது, எனக்கு மட்டும் கஷாயம். "இன்னாடா, என் டீல மட்டும் கை வெக்கறியே, நான் இன்னா பாவம் பண்ணேன்?" என்று சண்டை போட்டேன். அவன் பாத்திரத்தைப் பார்த்தபடி, "குடி பெருசு, குடி" என்று மட்டும் சொல்வான். நீங்கள் உங்கள் டீயை, சர்க்கரை தூக்கலாக, ரசித்துக் குடித்துக்கொண்டிருப்பீர்கள்.

படிப்பு நிலைக்குமா என்பது அப்போது உறுதியாகவில்லை. ஊர்க்காரர்களுக்குக் கேமரா எதற்கு, நான்கு சுவருக்குள் பாடம் நடத்தினால் போதாதா என்று உங்கள் மேலதிகாரிகளில் சிலர் கேட்டார்களாம். புதன்கிழமை ஒரு குழு வந்து நாம் எடுத்த படத்தைப் பார்க்கும் என்றீர்கள். "படம் ஓடினா இந்த ஞாயித்துக்கிழமைங்க இருக்கும். ஓடலைன்னா, நான் மட்டும் அங்க, நீங்க மட்டும் இங்க." இதைச் சொன்னபோது நீங்கள் சிரிக்கவில்லை.

ஷிப்ட் பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு பெண்ணைப் பற்றிய படம். நம் ஊர் பஸ் நிறுத்தத்திலேயே ஒரு நாள் முழுக்க எடுத்தோம். அன்றைக்கு நீங்கள் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டியிருந்தது. கிளம்பும்போது பலகையின் பின்பக்கம் என்னவோ அவசரமாக எழுதி முருகேசனிடமும் பிள்ளைகளிடமும் காட்டிவிட்டுப் போனீர்கள். முதல் ஷாட்டுக்கு இசக்கி "3, 1" என்று எழுதினாள். உடனே அவளுக்கு போன் வந்தது. ஓவர்டைம் பார்க்கச் சொல்லி சூப்பர்வைசர் கூப்பிட்டுவிட்டார். போய்விட்டாள்.

நான் என்ன செய்வேன்? பொழுது சாயும்வரை அதே பலகையை நீட்டினேன். எழுதியிருப்பதைத்தான் படிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தீர்களே, அதனால் ஒவ்வொரு தடவையும் "காட்சி மூணு, ஷாட் ஒண்ணு" என்று ஊர் கேட்கக் கத்தினேன். கேமராப் பிள்ளைகள் பஸ் போய்விடுமே என்ற பதற்றத்தில் கவனிக்கவில்லை.

மறுநாள் காலையில் கூப்பிட்டு அனுப்பினீர்கள். கம்ப்யூட்டரில் எல்லா ஷாட்டிலும் நான் ஒரே பலகையோடு நிற்கிறேன். இரண்டு இரவல் கேமரா, இரண்டின் கடிகாரமும் தப்பு, ஒலி தனியாகக் கிடக்கிறது. எல்லாப் பஸ்ஸும் வெள்ளை, எல்லாப் பெண்களும் ஒரே நீலக் கோட்டு. எது முதலில், எந்தச் சத்தம் எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை. குழு வரும் புதன்கிழமைக்கு இரண்டே நாள்.

"ஏன் ஐயா நம்பரை மாத்தலை?"

"மார்க்கர் காஞ்சிபோச்சு டீச்சரம்மா."

நீங்கள் மூடியைத் திறந்து உங்கள் உள்ளங்கையில் ஒரு கோடு இழுத்தீர்கள். கறுப்பாக, ஈரமாக விழுந்தது. அந்த வாசனை அறை முழுக்க வந்தது. என் பேத்தி வயதுப் பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். எனக்குத் தலை நிமிரவில்லை.

"எனக்கு எய்தத் தெரியாது டீச்சரம்மா. நம்பரும் தெரியாது."

நீங்கள் திட்டியிருந்தால் எழுந்து போயிருப்பேன். ஒரு நாற்காலியை இழுத்து உங்கள் பக்கத்தில் போட்டீர்கள். "கேட்டுல அத்தனை வண்டியையும் எழுதாமதானே ஞாபகம் வச்சிருந்தீங்க? பாத்துச் சொல்லுங்க" என்றீர்கள்.

பார்த்தேன். "இந்தப் பஸ் முன்னாண்ட எலுமிச்சம்பழம் காஞ்சினு கீது பாரு, இதான் மொதல்ல வந்தது. இதுக்கு எடது கண்ணாடிய கயிறு போட்டு கட்டிகீறான், இது ஆடு குறுக்க வந்தப்புறம். இந்தப் பொண்ணு அப்ப பூ வெச்சிருந்துச்சு, சாப்பாட்டுக்கு அப்புறம் பூ வாடிப்போச்சு." லாரியின் நசுங்கலைப் பார்த்தே அது எத்தனையாவதாக உள்ளே போனது என்று சொல்லிப் பழகியவன் நான். நீங்கள் எழுதிக்கொண்டே வந்தீர்கள். மாலை டீ வருவதற்குள் முழு நாளும் வரிசைக்கு வந்துவிட்டது.

"தாத்தா, கம்ப்யூட்டர் கெட்டுப்போனா உங்கள மாட்டிரலாம்" என்றாள் இசக்கி.

புதன்கிழமை படம் ஓடியது. குழுவில் ஒருவர் எழுந்து, இந்த ஊரில் அடுத்த பயிற்சி எப்போது என்று கேட்டபோது நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். பிறகு திரையில் பெயர்கள் வந்தன. எல்லோரும் விசில் அடித்தார்கள், நானும் அடித்தேன். "இதுல என் பேரு எது?" என்று இசக்கியிடம் மெதுவாகக் கேட்டேன். உங்கள் காதில் விழுந்துவிட்டது. படத்தை நிறுத்தச் சொல்லி, திரையருகே போய், ஒரு பெயருக்குக் கீழே விரலை வைத்தீர்கள். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழுந்தது. "இது நீங்க. அடுத்த வருஷம் நீங்களே கண்டுபிடிக்கணும். அப்புறம் எனக்கு ஒரு லெட்டர் போடணும்."

அடுத்த வருஷம் நீங்கள் வைத்தியத்துக்காக ஊரிலிருந்து தள்ளியே இருந்தீர்கள். அதற்கு அடுத்த வருஷம் இல்லாமலே போய்விட்டீர்கள். லெட்டர் மட்டும் பாக்கி.

பலகை என் வீட்டில்தான் இருந்தது. பின்பக்கத்தில் உங்கள் கையெழுத்து அப்படியே இருந்ததால், அழியாமல் இருக்க அதன் மேல் கண்ணாடி டேப் ஒட்டி, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். வெள்ளிக்கிழமை பூ வைத்தேன். "இன்னா எய்திகீது அதுல?" என்று என் வீட்டுக்காரி கேட்டாள். "பெரிய விசயம், உனக்குப் புரியாது" என்றேன். இசக்கி படித்துக் காட்ட வந்தாள், விடவில்லை. நானே படிப்பேன் என்றேன். பஸ் வருவதற்கு முன்னால் தினம் கால் மணி நேரம் அவள்தான் நிறுத்தத்தில் எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். "எங்க ஊர்ல கோழி இதவிட அழகா கிண்டும் தாத்தா" என்பாள்.

போன மாதம் பலகையை இறக்கி மடியில் வைத்து, எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தேன்.

"பேட்டரி நான்கு. செல்லோ டேப். ஆட்டுக்காரரிடம் கேட்க வேண்டும். டீ பன்னிரண்டு. ஐயாவுக்குச் சர்க்கரை வேண்டாம், அவரிடம் சொல்ல வேண்டாம்."

சிரித்த சிரிப்பில் என் வீட்டுக்காரி பயந்து ஓடி வந்தாள். இந்தச் சாமான் பட்டியலுக்கா ரெண்டு வருசமா பூ வெச்சே என்று கேட்டாள். கடைசி வரியை அவளுக்குப் படித்துக் காட்டினேன். எனக்குச் சர்க்கரை நோய் என்று உங்களிடம் சொன்னது அவள்தானாம். முருகேசனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "அவங்க சொல்லக்கூடாதுன்னாங்க பெருசு, நான் இன்னா பண்ண" என்றான்.

டேப்பை நான் எடுக்கவில்லை. போன ஞாயிறு அதன் கீழே இருந்த இடத்தில் என் கையால் எழுதினேன். கோணலாகத்தான் வந்தது. பேட்டரி ஆறு. குடை இரண்டு. டீ பதினைந்து, எனக்குச் சர்க்கரை வேண்டாம், ஒன்றில் மட்டும் தூக்கலாக.

முருகேசன் படித்துவிட்டு, அந்த ஒன்று யாருக்கு என்று கேட்கவில்லை. தட்டில் பதினைந்தும் வந்தது. உங்கள் டீ கொஞ்ச நேரம் ஆவி பறந்துகொண்டு இருந்தது. பிறகு இசக்கி எடுத்துக் குடித்துவிட்டாள். ஷிப்டுக்கு நேரமாயிற்று அவளுக்கு, கோபித்துக்கொள்ளாதீர்கள்.