உன் அண்ணன் கட்டிய வாசல் மேடை

அன்பு மகள் வசந்தகுமாரிக்கு அம்மா எழுதுவது. பெர்த்தில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு ஆரம்பிக்கிறேன். எனக்குச் சர்க்கரையும் மூட்டுவலியும் பழையபடிதான். போனில் பேசலாம் என்றால் உன் அண்ணி யாமினி பக்கத்திலேயே துணி மடித்துக்கொண்டு நிற்கிறாள். மடித்த துணியையே திரும்ப மடிக்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன். என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

உன் அண்ணன் சுந்தரேசன் வாசலில் கட்டினானே, பலகை மேடை. அதற்குப் பேர் டெக்காம். அதற்கு மேலே காருக்கும் சேர்த்துக் கூரையாம். மழைத்தண்ணீர் பலகைக்கு அடியில் தேங்கி நாறுகிறது. போன வாரம் ஒரு எலி உள்ளே போய்ச் செத்தது. கை விட்டு எடுக்க வழியில்லை. உன் அண்ணி ஊதுபத்தி கொளுத்தி வைத்தாள். செத்த எலிக்கு ஊதுபத்தி! தூ.

தீபாவளிக்கு வந்தபோது மாப்பிள்ளை என்ன தப்பாகச் சொல்லிவிட்டார்? வெறும் பலகை என்றால் வேறு விஷயம், தூணும் கூரையும் வந்தால் அனுமதி வேண்டியிருக்கும், எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அதற்கு இவன், என் வீட்டு வாசலுக்கு எவன்கிட்ட அனுமதி, நீங்க உங்க ஆஸ்திரேலியாவப் பாத்துக்குங்க லா என்றான். அத்தனை சொந்தக்காரர் முன்னால். மாப்பிள்ளை பாதி இலையில் எழுந்து கை கழுவினார். நீலச் சட்டை போட்டிருந்தார். நான் சாகிற வரைக்கும் அந்தச் சட்டையை மறக்க மாட்டேன்.

என் வீடாம்! துவாஸ் தொழிற்பேட்டைப் பட்டறைகளுக்கு அண்டா அண்டாவாகச் சோறு ஆக்கி அனுப்பி நானும் உன் அப்பாவும் வாங்கிய தரைவீடு. அப்போது இவன் சோற்று மூட்டை தூக்க வெட்கப்பட்டு நூலகத்துக்கு ஓடினவன்.

வேலை எடுத்த மருதப்பன்கூட அனுமதிக்கு எழுதிப் போடட்டுமா என்று கேட்டான். உன் அண்ணன் என்ன சொன்னான் தெரியுமா? தையில் வர்ஷாவுக்குக் கல்யாணம், இது கல்யாணப் பந்தல், பந்தலுக்கு எவனாவது அனுமதி கேட்பானா என்றான். மகள் கல்யாணத்தைச் சாக்காக வைத்துத் திருட்டுக் கூரை. சரி, பந்தல் என்றாயே, பந்தக்கால் எங்கே நடுவாய் என்று கேட்டேன். வாசல் மண் முழுக்கப் பலகை. பெயிண்ட் வாளியில் மணல் போட்டு நடலாம் என்கிறாள் உன் அண்ணி. ஃபிளாட்டில் இருப்பவர்கள் வேறு வழியில்லாமல் செய்கிறார்கள். காலடியில் மண் இருக்கிறவனுக்கு வாளி எதற்கடி?

பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்துவிட்டார். கொடுக்காமல்? நம் கூரைத் தண்ணீர் அவர் வீட்டுச் செருப்பு அடுக்கில் கொட்டுகிறது. செவ்வாய்க்கிழமை ஃபஸீலா என்று ஒரு பெண் அதிகாரி வந்தாள். நல்ல தமிழ். இவன் பந்தல் கதையை ஆரம்பித்தான். பந்தலுக்கு சிமெண்ட் போட்டுத் தூண் நடுவார்களா சார், கல்யாணம் முடிந்ததும் எப்படிப் பிரிப்பீர்கள் என்று அவள் கேட்டாள். உடனே இவன் என் பக்கம் கையைக் காட்டினான். வீடு எங்கம்மா பேர்ல இருக்கு, வெயிலுக்கு நிழல் வேணும்னு அவங்கதான் கட்டச் சொன்னாங்க என்றான். வசந்தா, வயிற்றில் சுமந்த பிள்ளை.

பாட்டி, நீங்களா கேட்டீங்க என்று அந்தப் பெண் குனிந்து கேட்டாள். நான் கேட்டது ஒன்றே ஒன்று, மாப்பிள்ளையிடம் போய் மன்னிப்புக் கேள் என்று சொன்னேன், அதை இவன் இன்னும் செய்யவில்லை என்றேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினாள். உன் அண்ணன் முகம் சுட்ட கத்தரிக்காய் மாதிரி ஆகிவிட்டது.

கூரையும் மேடையும் கல்யாணத்துக்கு முன்னாலேயே இறங்க வேண்டும். சனிக்கிழமை மருதப்பன் ஆட்களோடு பிரிக்க வருகிறான். சுந்தரேசன் என்னோடு பேசுவதில்லை. பேசாமல் இருக்கட்டும், காதுக்கு நல்லது. ஆனால் ஊரெல்லாம் என்ன சொல்லி வைத்திருக்கிறான் தெரியுமா? உனக்கு லீவு கிடைக்கவில்லையாம், அதனால் கல்யாணத்துக்கு வரவில்லையாம். வர்ஷாவோ, அத்தை வந்து நலுங்கு வைக்காமல் மணையில் உட்கார மாட்டேன் என்று அழுகிறாள். அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது?

அவன் போன் பண்ணி மன்னிப்புக் கேட்பான் என்று காத்திருக்காதே. பண்ண மாட்டான், அவன் வணங்காத கழுத்து எனக்குத் தெரியும். ஆனால் இந்த வீடு என் பேரில் இருப்பதாக அதிகாரி முன்னால் அவன் வாயாலேயே சொல்லிவிட்டான். வீட்டுக்காரி நான் கூப்பிடுகிறேன். மாப்பிள்ளை முன்னால் வரட்டும், நீ பின்னால் வா. கதவை நானே திறப்பேன். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வயது ஒன்றாக இருக்க வேண்டும். எனக்கு அவ்வளவு காலம் இல்லை. வந்துவிடம்மா.

உன் அம்மா,
பூவம்மா