மலைப் பக்கத்துக் கண்ணாடிக்குத் திரை

என்னை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிடாத என் வீட்டுக்காரருக்கு,

போன செவ்வாய்க்கிழமை காலை நம் கண்ணாடி அறையில் இருந்தவர்கள்: நான், மகன் சேகர், மருமகள் மாலதி, பகாவ் டவுனிலிருந்து ஜன்னல் திரைக்கு அளவெடுக்க வந்த தவமணி. நாலே பேர். சுவரில் மாலையோடு நீங்கள். நடந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நான் பார்த்ததை மற்ற மூன்று பேரும் பார்க்கவில்லை.

முதலில் நல்ல செய்தி. மாலதிக்கு ஏழாம் மாதம். பிள்ளைக்குக் கண்ணாடி அறையில்தான் தொட்டில் கட்டுவதாகப் பேச்சு. பழைய துரை பங்களாவை இடித்தபோது அந்தக் கண்ணாடி ஜன்னல்களையெல்லாம் லாரியில் ஏற்றி வந்து, மூன்று பக்கமும் நீங்களே பொருத்தின அறை. உங்கள் ஆர்க்கிட் செடிகள் இருந்த இடத்தில் இனி உங்கள் பேரப்பிள்ளை. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது, இல்லையா?

ஆனால் இப்போது பத்து மணிக்கு மேல் அங்கே வெயிலில் நிற்க முடியவில்லை. மறுநடவுக்காக வீட்டுக்குப் பின்னால் மலைச்சரிவிலிருந்த செம்பனை மரங்கள் முழுவதையும் சாய்த்துவிட்டார்கள். உச்சியில், முனீஸ்வரர் கோயிலை ஒட்டிய பெத்தாய் மரத்தை மட்டும் சாமிக்குப் பயந்து விட்டுவைத்திருக்கிறார்கள். மீதியெல்லாம் வெறும் சிவப்பு மண். மழை வந்தால் பின்வாசல் கால்வாயில் தண்ணீர் ஓடுவதில்லை, மண்தான் ஓடுகிறது.

அதனால்தான் திரை. தவமணி சாம்பிள் துணிகளை மேசையில் பரப்பினார். எனக்கு மூங்கில் குச்சியில் பின்னின பிடாய்த் திரை மேல் ஆசை. காற்றும் வரும், சுருட்டியும் வைக்கலாம். நம் ஈரத்துக்கு ஒரு வருசத்தில் பூசணம் பிடிக்கும், பிள்ளை இருக்கிற இடத்துக்கு ஆகாது என்றார் தவமணி. மாலதி பட்டை பட்டையாக வெளிச்சம் விடும் வரிக்குதிரைத் திரையைக் காட்டினாள். அதற்குக் கயிறு தொங்கும், தவழும் பிள்ளை கழுத்தில் சுற்றிக்கொள்ளும் என்று சேகர் வேண்டாம் என்றான். கடைசியில் இரண்டு பக்கத்துக்கு வெள்ளைச் சுருள் திரை என்று முடிவானது. மலைப் பக்கத்துக்கு மட்டும் வெளிச்சமே விடாத தடித்த துணி.

"அந்தப் பக்கம் ஒரேயடியா அடைச்சிருங்கம்மா," என்றார் தவமணி. "வெறும் மண்ணு. பாக்க அங்க என்ன இருக்கு?"

பிறகு அளவெடுத்தார். திரைக்காரர்கள் ஒரு ஜன்னலுக்கு அகலத்தை மூன்று இடத்தில் எடுப்பார்களாம்: மேலே, நடுவில், கீழே. மூன்றில் எது குறைவோ அதற்குத்தான் துணி வெட்டுவது. அவர் சொல்லச் சொல்ல நான் என் நோட்டில் எழுதினேன். மற்ற இரண்டு பக்கமும் மூன்று அளவும் ஒன்றாகவே வந்தன. மலைப் பக்கத்துச் சட்டத்தில் மட்டும் மேல் அளவு அரை அங்குலம் குறைந்தது.

நான் நோட்டை முன்னால் புரட்டினேன். சட்டம் அடித்த அன்று நீங்கள் சொல்ல, நான் எழுதின அளவுகள் அதில் இருக்கின்றன. அன்றைக்கு மேல், நடு, கீழ் மூன்றும் ஒன்று. நோட்டைச் சேகரிடம் நீட்டினேன். பங்களாக் காலத்து மரம், வெயிலில் சுருங்கியிருக்கும் என்றான். பின்கதவும் ஒரு மாதமாகத் திறக்க முடியாமல் இறுகிப் பிடிக்கிறது. அதற்கும் மழையைத்தான் காரணம் சொன்னான்.

நோட்டில் அதே பக்கத்தில், அந்த அளவுக்குக் கீழேதான் உங்கள் கோட்டின் உயரமும் எழுதியிருந்தது.

உங்களுக்கு ஞாபகம் இல்லாமலா இருக்கும்? சர்வேயர்களோடு சங்கிலி பிடித்து இந்தத் தோட்டத்தையே அளந்தவர் நீங்கள். பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடி வழியாகப் பெத்தாய் மரத்தின் தலை எங்கே தெரிகிறதோ அங்கே வெள்ளைப் பெயின்டில் ஒரு விரல் நீளத்துக்குக் கோடு போட்டீர்கள். சேகரும் பக்கத்தில் நின்றான். "இந்தக் கோட்டுக்குக் கீழ மரம் எறங்கிச்சுன்னா மலை நகருதுன்னு அர்த்தம். சாமான் எடுக்க நிக்காத இந்தாம்மா. ஆளுங்க கெளம்பிடுங்க," என்றீர்கள். நான் சிரித்தேன்.

அந்தக் கோடு இப்போது இல்லை. அழித்தது நான்தான். உங்களை எடுத்துப் போனதும் வீடு கழுவினோமே, அப்போது வந்திருந்த பெண்களிடம் கண்ணாடியில் ஒரு கறைகூட இருக்கக்கூடாது என்று சொன்னேன். யாரோ கத்தியால் சுரண்டிவிட்டார்கள். அன்றைக்கு எனக்கு அது கோடாகவா தெரிந்தது?

தவமணி போனதும், நோட்டில் இருந்தபடி கீழ்ச் சட்டத்திலிருந்து அளந்து அதே இடத்தில் சோப்பால் கோடு போட்டேன். உங்கள் நாற்காலியைக் கொண்டுவந்து, என் கண் உங்கள் கண் உயரத்துக்கு வர ஒரு தலையணை போட்டு உட்கார்ந்தேன். மரத்தின் தலை கோட்டுக்கு இரண்டு விரல் கீழே இருந்தது.

சேகரைக் கூப்பிட்டேன். அவன் பார்த்தான். என்னை எழுப்பிவிட்டு நாற்காலியை ஒரு முழம் பின்னால் இழுத்துப் போட்டான். "இப்ப உக்காருங்க."

உட்கார்ந்தேன். மரம் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"பாத்தீங்களா? நாற்காலிதாம்மா நகந்திருக்கு, மலை இல்ல. எனக்கு எடம் ஞாபகமில்ல. அப்பா இங்கதான் போட்டிருந்தாருன்னு சொல்லுங்க, திரையைப் போட்டுட்டு நிம்மதியா இருப்போம். முன்னால போட்டிருந்தாருன்னு சொல்லுங்க, இன்னிக்கே லாரி கூப்பிடுறேன் லா. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

நோட்டை மறுபடி புரட்டினேன். சட்டத்தின் அளவை எழுதினேன், கோட்டின் உயரத்தை எழுதினேன். நாற்காலியின் இடத்தை எழுதவில்லை. அது எங்கே போகப்போகிறது என்று நினைத்திருப்பேன். கூடம் போதாமல் உங்களைக் கண்ணாடி அறையில்தான் கிடத்தினோம். அதற்காக நாற்காலியைத் தூக்கி வெளியே போட்டார்கள். சிமெண்டுத் தரையில் நாலு கால் தடமாவது இருந்தது. வருசத் திவசத்துக்கு முன்னால் சேகர் அதன் மேல் டைல் ஒட்டிவிட்டான்.

தோட்ட ஆபிசில் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அடுத்த மாதம் ஆள் அனுப்பிப் பார்ப்பார்களாம். மாலதியையாவது மந்தினில் அவள் அம்மா வீட்டில் விடலாம் என்றேன். "வளைகாப்பு போடாம எப்படி அத்தை போறது? சண்டை போட்டுக்கிட்டு வந்துட்டேன்னு சொல்லமாட்டாங்களா?" என்கிறாள். வளைகாப்புக்கு ஒன்பதாம் மாதம் நாள் குறித்திருக்கிறது. இந்த மலை ஒன்பதாம் மாதம் வரை காத்திருக்குமா?

சனிக்கிழமை காலை திரை மாட்ட வருகிறார்கள். அந்தத் தடித்த துணி இறங்கிவிட்டால் மரமும் தெரியாது, மலையும் தெரியாது. சேகருக்கு வேண்டியது அதுதானோ என்று சில நேரம் தோன்றுகிறது. காலையில் விளக்கேற்றிவிட்டு அதே நாற்காலியில் போய் உட்காருகிறேன். என்னையறியாமலே கை அதைப் பின்னால் தள்ளப் பார்க்கிறது. எனக்கும் அந்த மரம் கோட்டைத் தொட வேண்டும் போலத்தான் இருக்கிறது.

இதைத் தினப் பத்திரிகைக்கு அனுப்புவதற்குக் காரணம் உண்டு. அன்று நாற்காலியைத் தூக்கி வெளியே போட்டவர்கள் இரண்டு பேர். சி ரூசா ஊரிலிருந்து வந்த உங்கள் பழைய கூட்டாளிகள். பெயர் கேட்டு வைத்துக்கொள்ள அன்று எனக்குப் புத்தி இல்லை. இதை அவர்கள் படிக்கலாம், அல்லது அவர்களைத் தெரிந்த யாராவது படிக்கலாம்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். பதில் வரும்வரை மலைப் பக்கத்தில் ஒரு ஆணிகூட அடிக்க விடமாட்டேன். பதில் வராமலே சனிக்கிழமை வந்துவிட்டால், அன்றைக்கே நம் பூசை மேடை முன்னால் மாலதிக்கு என் கையால் வளையல் போட்டு மந்தினுக்கு அனுப்பிவிடுவேன். ஊர் பேசுவதைப் பேசட்டும். நான் அந்த மரத்தைப் பார்த்தபடி நாற்காலியிலேயே இருப்பேன்.

கனவில் வந்தாவது சொல்லுங்கள். நாற்காலியைத் தூக்கிய அண்ணன்மார்களே, நீங்களும் சொல்லுங்கள். அது கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்ததா, ஒரு முழம் தள்ளி இருந்ததா? சனிக்கிழமைக்கு முன்னால் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
நீங்கள் "இந்தாம்மா" என்று கூப்பிட்ட உங்கள் வீட்டுக்காரி,
சேகரின் அம்மா