ஹெலிகாப்டர் வராத மூன்றாம் பாகம்

ஜூலை 9, வியாழன்

காலையிலிருந்தே காற்று. கொடியில் துணி நிற்கவில்லை. அவருடைய வெள்ளைச் சட்டை பறந்து பக்கத்து வீட்டுக் கொல்லையில் விழுந்தது. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதாம், மாமி சொன்னார்கள். போய்ப் பார்க்க நேரமில்லை.

என் வீட்டுக்காரருக்கு லீவு முடிகிறது. புதன்கிழமை மறுபடி ஷார்ஜா. பெட்டியில் வைக்க: எலுமிச்சை ஊறுகாய், காப்பித்தூள், கைலி, அறையில் கூட இருப்பவர்களுக்கு முறுக்கு. கருவாடு? வேண்டாம். போன தடவை பெட்டி முழுக்க நாறியதாம்.

கல்யாணத்துக்கு வந்ததையும் சேர்த்தால் இது மூன்றாவது லீவு. மூன்றும் ஒரே அச்சு. முதலில் சென்ட் வாசனை, விருந்து. அப்புறம் சொந்தக்காரர்கள். அப்புறம் ஒரு சின்னச் சண்டை. கடைசி வாரம் அவர் பெட்டியைப் பார்ப்பார், நான் அவரைப் பார்ப்பேன்.

போகாதீங்க என்று சொல்ல ஆசை. சொல்லக் கூடாது. சபர் என்று தூரப் பயணம் கிளம்புகிறவர் முன்னால் அழக் கூடாது, போகாதே என்ற சொல்லே வாயில் வரக் கூடாது, சிரித்த முகமாக அனுப்ப வேண்டும். என் உம்மா படித்துப் படித்துச் சொன்னது. இரண்டு தடவையும் சிரித்தேன். கன்னம் வலித்தது.

ஜூலை 10, வெள்ளி

ஜும்ஆ தொழுதுவிட்டு வந்தவருக்கு ஒரே குஷி. கும்பகோணத்தில் அந்த ஹெலிகாப்டர் படத்தின் மூன்றாம் பாகமாம். இங்கிலீஷ் படம், தமிழ் பேசுகிறதாம்.

"நாளைக்கு மேட்னி போவோம் புள்ள. ரெடியா இரு."

"மாமி ஏதாவது சொல்வாங்க."

"உம்மாட்ட நான் சொல்லிக்கிறேன்."

முதல் பாகம் கல்யாணமான புதிதில் பார்த்தோம். இரண்டாம் பாகம் போன லீவில். இரண்டுக்கும் கதை ஒன்றுதான். போன் அடிக்கும். கதாநாயகன் கறுப்புக் கோட்டை மாட்டுவான். பெண்டாட்டி வாசலில் நின்று சிரித்துக் கையாட்டுவாள். ஹெலிகாப்டர் ஏறுவான். ஏதோ ஒரு தேசத்தில் ஏதோ ஒரு கப்பலை வெடிக்க வைப்பான். பாவம் அவளுக்குப் படம் முழுக்க அவ்வளவுதான் வேலை. இவருக்கு அதில் அலுப்பே கிடையாது.

ஜூலை 11, சனி

டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். வெயில். தியேட்டரில் ஒரு பக்கம்தான் ஃபேன் ஓடியது. நல்ல கூட்டம்.

போன் அடித்தது. கோட்டை எடுத்தான். விசில் பறந்தது. பெண்டாட்டி வாசலுக்கு வந்தாள். சிரிக்கவில்லை! வழியை மறித்துக்கொண்டு "போகாதே" என்றாள். தியேட்டரே கப்சிப்.

அவன் போகவில்லை. கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டான். வில்லன்கள்தான் கதவை உடைத்துக்கொண்டு இவன் வீட்டுக்கு வந்தார்கள். அப்புறம் முழுச் சண்டையும் அந்த வீட்டுக்குள்தான். மாடிப்படியில், குளியலறையில், அடுப்படியில். அவளும் வாணலியால் போட்டாள் ஒரு போடு. பின்வரிசையில் ஒரு ஆள், "ஹெலிகாப்டர் எப்பய்யா வரும்?" என்று கத்த, இன்னொரு ஆள், "அதான் அக்கா வேணாம்னுட்டாங்கல்ல, உக்காருய்யா!" என்றார். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிற்றுவலி. முந்திய இரண்டையும்விட இதுதான் படம்.

அவருக்குப் பிடிக்கவில்லை. வெளியே வரும்போதே முகம் தொங்கிவிட்டது.

"இது என்ன படம்? கப்பலக் காட்டுவான், கடலக் காட்டுவான்னு பாத்தா அடுப்படியக் காட்டுறான்."

"அடுப்படிக்கு என்ன கொறச்சல்?"

டிபன் சாப்பிடலாம் என்றார், பிறகு வேண்டாம் என்றார். பஸ் பாலம் ஏறியது. கீழே புதுத்தண்ணீர் கலங்கலாக ஓடியது. திடீரென்று கேட்டார், "அவன் ஏன் ஒடனே நின்னுட்டான்?"

"அவ சொன்னாள்ல."

அப்போதே நானும் சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் அத்தனை பேர்.

ஜூலை 13, திங்கள்

சரியான தூக்கமில்லை. பால் பொங்கி வழிந்தது. மாமி, "ஒம் புத்தி எங்கதான் இருக்கு?" என்றார்கள். கொசுவத்தி தீர்ந்துவிட்டது.

சொல்லிவிடலாம் என்று அறைக்குப் போகிறேன். ஊறுகாய் பாட்டிலைத் துடைத்துவிட்டுத் திரும்பி வருகிறேன். பாட்டில்தான் பளபளக்கிறது.

சொன்ன பிறகு அவருக்கு வழியில் ஏதாவது ஆகிவிட்டால்? அந்தப் பயம்தான். சினிமாக்காரிக்கு என்ன, மாமியாரா, தெருவா. கோபம் கோபமாக வருகிறது, யார் மேல் என்று தெரியவில்லை.

ஜூலை 15, புதன்

மூட்டம். மழை இல்லை. வேன் வந்துவிட்டது. என் அத்தா, கொழுந்தனார், தெரு ஆண்கள் எல்லோரும் ஏறி உட்கார்ந்தாயிற்று. ஏர்போர்ட்டுக்குப் பெண்கள் போவதில்லை. எங்களுக்கு விடை அறைக்குள்ளேயே.

கதவைச் சாத்திவிட்டு, "வரட்டுமா?" என்றார். சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை.

"போவாதீங்க மச்சான்."

அப்படியே பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"மொதத் தடவ கெளம்பறப்பவே நீ சொல்லுவேன்னு பாத்தேன் புள்ள. சிரிச்சுக்கிட்டு நின்னே. சரி, நாம போறதுதான் இவளுக்குப் புடிச்சிருக்குன்னு நெனச்சுக்கிட்டேன்."

"அப்படிச் சொல்லக் கூடாதுன்னு உம்மா சொல்லிக் குடுத்தாங்க."

"எங்கிட்ட யாரும் அதச் சொல்லலையே."

இத்தனை வருஷமும் வீண். வெளியே ஹார்ன் மேல் ஹார்ன். எழுந்தார்.

"இப்பப் போயாகணும். ஒத்துக்கிட்ட வேல. ரம்ஜானுக்குள்ள முடிச்சுக்கிட்டு மொத்தமா வந்துர்றேன்."

இப்படி ஒரு பேச்சு இதுவரை அவர் வாயில் வந்ததில்லை. நம்பலாமா, தெரியவில்லை. நம்புகிறேன்.

ஜன்னலில் போய் நின்றேன். சபர் போகிறவர் படி இறங்கிய பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது. வேன் கதவில் கை வைத்தவர் திரும்பி என்னைப் பார்த்தார். நின்று பார்த்தார்.

"என்ன இவன், திரும்பிப் பாக்குறான்!" மாமி பதறினார்கள்.

பார்க்கட்டும்.