டாக்டர் என்னை வெளியே உட்காரச் சொன்னார்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நான் நலம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் அம்மாவின் நலத்தை வழக்கம்போல் நானே எழுதாமல் அடியில் இடம் விட்டிருக்கிறேன். காரணம் இருக்கிறது.

நம் பழைய டாக்டர் ஓய்வுபெற்றுவிட்டார். முப்பது வருடமாக அவர் அம்மாவின் நாடியைப் பிடிப்பார், கேள்வியை என்னிடம் கேட்பார். பசிக்கிறதா, தூங்குகிறாளா, எல்லாவற்றுக்கும் நான்தான் பதில். நாக்கை நீட்டுவது மட்டும் அம்மாவின் பொறுப்பு. மூவரில் இருவருக்கு இந்த ஏற்பாடு பரம திருப்தி. புதிதாக வந்திருப்பவர் உன் வயதுப் பெண். போன மாதம் அம்மாவை ரத்த அழுத்தம் பார்க்க அழைத்துப் போனேன். "எப்படி இருக்கீங்கம்மா?" என்று கேட்டார். "நல்லா இருக்கா, கொஞ்சம் வாயுத் தொல்லை, அவ்வளவுதான்" என்றேன். அடுத்த கேள்விக்கும் நானே சொன்னேன். மூன்றாவதில் அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "சார், உடம்பு அவங்களுதுதானே? நீங்க கொஞ்சம் வெளியே உட்காருங்களேன்" என்றார். மீன் தொட்டிக்கு எதிரே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ரத்த அழுத்தம் ஏறியது, அளக்கத்தான் ஆளில்லை. பிறகு கூப்பிட்டுச் சொன்னார், மாடிப்படி ஏறினால் மூன்று மாதமாக அம்மாவுக்கு மார்பை அழுத்துகிறதாம். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அவளைக் கேட்டேன். "சொன்னேனே, நீங்கதான் வாயுன்னுட்டீங்க" என்றாள். அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இதயக் குழாயில் அடைப்பு, இரண்டாம் நாள் ஸ்டென்ட் வைத்தார்கள். நீ பதறி ஓடி வருவாய் என்று அம்மாதான் சொல்ல வேண்டாம் என்றாள். இப்போது பயமில்லை, எழுதச் சொன்னதும் அவள்தான்.

"இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா..." என்று டாக்டர் பாதியில் நிறுத்திக்கொண்டார். மீதியை நான் தினமும் முடித்துப் பார்க்கிறேன். பழைய டாக்டர்மேல் எனக்குக் குறையில்லை, நீ பிறந்த வாரம் மழையில் நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தவர். இந்தப் பெண் வீட்டுக்கெல்லாம் வரமாட்டார், பாதி நேரம் கம்ப்யூட்டரைப் பார்த்துத்தான் பேசுகிறார். ஆனால் உன் அம்மாவைப் பற்றி அவளிடமே கேட்ட முதல் டாக்டர் அவர்தான். நன்றி சொல்லப் போனேன், சரியாகச் சொல்ல வரவில்லை. அவருக்குப் புரிந்திருக்கும்.

இனி போனில் அம்மா எப்படி இருக்கிறாள் என்று என்னிடம் கேட்காதே, அவளைக் கூப்பிடச் சொல். மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் டாக்டரிடம் நீ பதில் சொல்லாதே, இந்தப் பழக்கம் பரம்பரையாக வரக்கூடியது. நேரத்துக்குச் சாப்பிடு. இருவரும் நீண்ட நாள் நலமாக வாழ என் ஆசிகள்.

அன்புள்ள,
அப்பா

கண்ணு, நான் நல்லா இருக்கேன். மாடி ஏறி துணி காயப்போட்டுட்டு வந்துதான் எழுதறேன், மூச்சு வாங்கலை. அப்பாவுக்கு ஒரு மாசமா முழங்கால் வலி. டாக்டர் கேட்டதுக்கு ஒண்ணுமில்லைன்னுட்டார். அவரை வெளியே உட்கார வெச்சுட்டு நான் சொல்லிட்டேன்.
அம்மா