இடது தோளுக்குள் பஞ்சு

1943 ஜூன் 14, திங்கள்

மலாயாவைப் பிடித்த ஜப்பான்காரர்கள் கணக்கில் இது 2603. நாங்கள் எல்லோரும் அறுநூற்று அறுபது வருடம் முன்னால் போய் வாழ்ந்துகொண்டிருக்கிறோம். அரிசி மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

பாலத்துக் காவலில் புதுச் சிப்பாய். குனிந்தேன். அறைந்தான். மறுபடி குனிந்தேன். மறுபடி அறைந்தான். என் வணக்கம் இடப்பக்கம் சாய்ந்தது அவனுக்குக் கேலியாகப் பட்டிருக்கிறது. பிறகு சட்டையைத் தூக்கி என் வளைந்த முதுகைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். போ என்று கையசைத்தான். என் முதுகெலும்பை இவ்வளவு அக்கறையாகப் பரிசோதித்த முதல் அரசாங்க அதிகாரி அவன்தான்.

நான் குமாஸ்தா வேலை பார்க்கும் ரயில்வே கூட்ஸ் ஆபீஸ் மாடிப்படியில் மூச்சு வாங்கியது. போன வருடமும் வாங்கியதா? நினைவில்லை.

ஜூன் 19

சிகிச்சைக்கு ஆள் தேடும் வாரம். ஆஸ்பத்திரியில் கட்டுப்போடும் டிரெஸர் தடவ எண்ணெய் கொடுத்தார். கைவலிக்குக் கொடுக்கும் அதே எண்ணெய்தான். மலாய்க் கம்பத்துக் கிராமத்து எலும்பு வைத்தியர் முதுகைத் தடவிப் பார்த்து, "இது ஒடைஞ்சதில்ல கிராணி, வளர்ந்தது. வளர்ந்ததை நான் எப்படி ஒட்டறது?" என்றார். இதுவரை பார்த்தவர்களில் படித்தவர் இவர்தான்.

ஆபீஸில் ரெங்கசாமி சொன்னான்: "டாக்டர் வேலாயுதம்னு ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் இருக்காரு லா. எலும்பு ஆபரேஷன் பண்ணின வெள்ளைக்காரர்கிட்ட பத்து வருஷம் இருந்தவரு. இப்ப தெலுக் பங்லிமா காராங்ல மரவள்ளி போடறாரு."

ஜூன் 27

பகலில் பலகையில் படுத்திருந்தேன். ரயில் போகும்போது அதன் அதிர்வு தரை வழியாக முதுகுக்குள் வந்து, வளைவில் மெதுவாகி, கழுத்து வழியாகப் போகிறது.

ஜூலை 4, ஞாயிறு

கிள்ளான் வரை ரயில், அப்புறம் லோரி. டாக்டர் முழங்கால் வரை மண்ணோடு வந்து, கையைக் கழுவி, என்னைக் குனியச் சொன்னார். இந்த ஒன்றரை வருடத்தில் அறைக்குப் பயப்படாமல் குனிந்தது இதுதான் முதல் தடவை.

வழிகளைச் சொன்னார். ஒன்று, ஆபரேஷன்: காலெலும்பில் துண்டு எடுத்து முதுகில் பதிப்பது. செய்யக்கூடிய வெள்ளைக்காரத் துரை சிங்கப்பூரில் கைதி. இன்னொன்று, தாடையில் கட்டித் தொங்கவிட்டு உடம்பைச் சுற்றி மாவுக்கட்டு. அந்த மாவு முழுக்கப் பட்டாளத்துக்குப் போய்விட்டது. மிஞ்சியது கார்செட். சீமையில் பெண்கள் இடுப்புச் சிறுக்க அணியும் கச்சு. எனக்கு நெஞ்சு சிறுக்காமலிருக்க.

"அதுவும் எல்லாருக்கும் வேண்டியதில்லை. வளைவு நிண்டுட்டுதெண்டால் சும்மா விடலாம். கூடிக்கொண்டு போகுதெண்டால், நுரையீரலுக்கு இடமில்லாமல் போகும். கூடுதோ இல்லையோ, அதைச் சொல்லும் முதலில்."

"எப்படிச் சொல்வது?"

"பழைய எக்ஸ்ரே படம் இருக்குதோ?"

1936-ல் எடுத்தது இருந்தது.

ஜூலை 6

இல்லை. ஆஸ்பத்திரியில் பழைய படங்களையெல்லாம் உடைந்த ஜன்னல்களுக்கு வைத்து அடித்துவிட்டார்களாம். இந்த ஊரில் யாரோ ஒருவருடைய அறையில் காலை வெயில் என் விலா எலும்புகள் வழியாக உள்ளே வருகிறது. அவர் நன்றாகத் தூங்கட்டும்.

ஜூலை 8

கனவு. நீளமான வெள்ளை அறையில் ஆட்களின் முதுகுகளைக் கோட்டுகளைப் போல மாட்டி வைத்திருக்கிறார்கள். ஒருவர் பெயர் கூப்பிட்டு எடுத்துக் கொடுக்கிறார். என்னுடையது மட்டும் கொக்கியில் நிற்காமல் மெதுவாக, மிக மெதுவாக, சரிந்துகொண்டே இருக்கிறது. பயமாக இல்லை. அழகாகத்தான் இருந்தது.

எழுந்ததும் நஜ்முதீன் நானா நினைவு. கிள்ளான் தையற்காரர், என் மனைவி நல்லம்மாள் வீட்டாருக்குப் பழக்கம். கல்யாணக் கோட்டிலிருந்து ஒவ்வொரு தீபாவளிக் கோட்டும் அவர் தைத்ததுதான். ஒரு ஆளின் அளவைக் குறித்தால் அந்த ஏட்டைக் கடையை விட்டு வெளியே போடமாட்டார்.

ஜூலை 11, ஞாயிறு

ஏடு இருந்தது. என் பெயருக்கு ஒரு பக்கம். இடது தோள் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று வருடாவருடம். 1932: அரை அங்குலம். 1935: முக்கால். 1938: ஒன்று. 1941: ஒன்றரை. நானா டேப்பை எடுத்து இன்று அளந்தார். வாயைத் திறக்காமல் எழுதினார். எட்டிப் பார்த்தேன். ஒன்றேமுக்கால்.

"நானா, ஒவ்வொரு வருஷமும் கோட்டு நேரா நின்னுச்சே?"

"பஞ்சு வெச்சேன் மாப்புள. வருஷா வருஷம் கொஞ்சம் கூட்டி வெச்சேன். மாப்புள மனசு கஷ்டப்படும், சொல்லாதீங்கன்னு நல்லம்மா கேட்டுக்கிச்சு. கல்யாண வீட்டுப் புள்ள... நான் எப்படி மறுக்க?"

ஜூலை 12

பதினோரு வருசம். கட்டினவளுக்குத் தெரியும். தையக்காரருக்குத் தெரியும். வளைவு கூடிக்கிட்டே போகுதுன்னு எனக்கு மட்டும் தெரியல. முப்பத்தெட்டுல அந்தத் துரை இங்கதான் இருந்தாரு. மாவு இருந்துச்சு. எல்லாம் இருந்துச்சு. கண்ணாடியில பாத்து நேரா இருக்கோம்னு நினைச்சிக்கிட்டு நான் மேடை ஏறிக் கூட்டத்துல பேசிட்டு வந்தேன் — பஞ்சை நம்பி!

ஏன் மறைத்தாய் என்று கேட்டேன். நல்லம்மாள் வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "சொல்லியிருந்தா கோட்டே போட்டிருக்கமாட்டீங்க. யார் முன்னாடியும் நின்னிருக்கமாட்டீங்க. உங்களை எனக்குத் தெரியாதா?"

அவள் சொன்னது சரி என்பதுதான் கோபம்.

ஜூலை 18

கார்செட். வேறு வழி மிச்சமில்லாத இடத்தில் முடிவெடுப்பது சுலபம்.

ஆகஸ்ட் 8

டாக்டர் வரைந்து கொடுத்தார், நானா தைத்தார். துணி கிடைக்காது, கல்யாணக் கோட்டைப் பிரித்தோம். இரும்புக்குப் பதில் பிரம்பு. அக்குளில் உறுத்தாமலிருக்க, இடது தோளிலிருந்த அதே பஞ்சு. நல்லம்மாள் உட்கார்ந்து ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்துப் பஞ்சை எடுத்து வைத்தாள். அந்தச் சண்டைக்குப் பிறகு நானும் அவளும் பேசிக்கொண்டது இன்றுதான்.

ஆகஸ்ட் 9

மூச்சு வருகிறது. முதுகு வளையவில்லை. பாலத்தில் வணக்கமும் வளையவில்லை. அறை.

ஆகஸ்ட் 12

டாக்டர் ஒரு நாளைக்கு இருபத்திரண்டு மணி நேரம் கட்டச் சொன்னார். குனியாத முதுகோடு பாலத்தைக் கடக்க முடியாது. நல்லம்மாள் பக்கவாட்டில் ஒரே இழுப்பில் அவிழும்படி கயிறு மாற்றினாள். பாலத்துக்கு முன்னாலுள்ள மரத்தடியில் அவிழ்க்கிறேன், கோணலாக வணங்குகிறேன், தாண்டிப் போய்க் கட்டிக்கொள்கிறேன். என் முதுகில் பேரரசுக்கு நாளொன்றுக்கு நான்கு நிமிடம். சிப்பாய் மாறினால் ஒரு அறை, அவ்வளவுதான்.

1944 மார்ச் 2

மூன்று வேளையும் மரவள்ளி. கார்செட் தளர்கிறது. மெலிந்தது நான்தான்; நல்லம்மாள் கயிற்றை ஒரு துளை உள்ளே இழுத்தாள்.

1945 செப்டம்பர் 20

ஜப்பான் சரணடைந்துவிட்டது. பாலத்தில் யாருமில்லை. பழக்கத்தில் மரத்தடியில் நின்று அவிழ்த்துவிட்டேன். எதற்கு என்று யோசித்து மறுபடி கட்டிக்கொண்டேன்.

1945 அக்டோபர் 21, ஞாயிறு

தீபாவளிக்குத் துணி இல்லை. இருந்தாலும் நானா கடைக்குப் போனோம். நல்லம்மாள் கயிற்றை அவிழ்த்தாள். நானா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு டேப்பைப் பிடித்தார், ஒரு தடவைக்கு இரண்டு தடவை. ஏட்டைத் திறந்தார். எழுதுவதற்கு முன்னால் நல்லம்மாளைப் பார்த்தார்.

"சொல்லுங்க நானா," என்றாள்.

"ஒன்றேமுக்கால்," என்றார், கடை முழுக்கக் கேட்கும்படி. "அதேதான் மாப்புள."